காந்தமானி அறையில் ஏழு மாதம்

அந்த அறையில் ஃபேன் போடக் கூடாது. ஜன்னலையும் சாத்தியே வைக்க வேண்டும். நிக்கலும் கோபால்ட்டும் கலந்த மெல்லிய கம்பியைத் தொங்கவிட்டு லேசாக முறுக்கி விட்டால், அது அப்படியும் இப்படியும் ஆடி மெல்ல அடங்கும். எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதை வைத்துக் கம்பிக்குள் இருக்கும் உராய்வைக் கணக்கிடலாம். காற்றுப் பட்டால் போச்சு. புதுக்கோட்டைச் சித்திரை வெயிலில் அதற்குள் கிடந்து வெந்தேன்.

கம்பியைக் காந்தமாக்கினால் அந்த உராய்வு எவ்வளவு குறைகிறது என்பதுதான் என் பிஎச்.டி. உராய்வு அளவுகள் ஒழுங்காகவே வந்தன. அதை எட்டி நின்று, சுவரில் ஆடும் ஒளிப்புள்ளியைப் பார்த்து எழுதலாம். வம்பு செய்தது காந்த அளவு. கம்பியைக் காந்தமானியின் பக்கத்தில் வைத்து, அதன்மேல் குனிந்து, ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு தடவை வந்தது மறு தடவை வரவில்லை. கல்யாணத்துக்கு முன் எடுத்தவை எல்லாம் சரி. அதற்குப் பிறகு ஏழு மாதமாக ஒன்றும் தேறவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று மாதமே இருந்தது. தவறினால் ஐந்து வருட உழைப்பும் குப்பைதான்.

"கல்யாணம் ஆனா புத்தி அங்கிட்டுப் போயிரும்மா. நான் பாக்காததா?" என்றார் கைடு. நோட்டை எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பினேன்.

ஒரு நாள் கம்பியை எடுத்துவிட்ட பிறகும், ஏதோ நினைப்பில் குனிந்தேன். ஊசி திரும்பியது. நிமிர்ந்தேன், பழைய இடத்துக்கே போனது. வாட்ச், செல்போன், சாவி எல்லாம் வழக்கம்போல வெளியே மேஜையில் இருந்தன. கழுத்தைத் தடவிப் பார்த்தேன். தாலிச் சங்கிலியில் ஆறு ஊக்குகள்.

அரிமளத்தில் மாமியார் மாட்டிவிட்டவை. "எங்கிட்டு என்ன அவசரமோ, கெடக்கட்டும்த்தா" என்று சொல்லித்தான் மாட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பஸ் நெரிசலில் முந்தானை கிழிந்த அன்று அவைதான் என் மானத்தைக் காப்பாற்றின.

ஊக்குகளைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு எடுத்தேன். கல்யாணத்துக்கு முன் எடுத்த அளவுகளோடு அச்சு அசலாகப் பொருந்தின. சந்தோஷப்பட வேண்டியவள் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

மறுவாரம் கைடு நோட்டைப் புரட்டினார். "இப்ப மட்டும் எப்படிம்மா வருது?"

தாலியில் கிடந்த ஊக்கு என்று சொன்னால், கல்யாணம்தான் கெடுத்தது என்று இனி வரும் பெண்களிடமெல்லாம் கதையாகச் சொல்வார். சொல்லாவிட்டால் ஏழு மாதப் பழியும் என் தலையில்.

"என் கவனக்குறைவுதான் சார்."

"அதத்தானே நானும் சொன்னேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

அரிமளம் பஸ் வருவதற்குள் ஆறு ஊக்குகளையும் திரும்பச் சங்கிலியில் மாட்டிக்கொண்டேன்.