வெட்டுப்படாத மண்

ஏழுமலைக்கு மண்ணைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். யட்டியாந்தோட்டைக்கு மேலே றப்பர் மலையில், பதினாறு வயதில் கன்று நடக் குழி வெட்ட ஆரம்பித்த கை. இப்போது அறுபதைத் தொடப்போகிறது. ஒருதரம் வெட்டி மூடிய மண் எது, உலகம் உண்டான நாளிலிருந்து மனுசக் கை படாத மண் எது என்று விரலாலேயே தொட்டுச் சொல்லிவிடுவார். வெட்டிய மண் நூறு வருசம் போனாலும் கலங்கித்தான் கிடக்கும். வெட்டாத செம்மண் வரிவரியாக இறுகி, மண்வெட்டியையே திருப்பி அடிக்கும். இந்த அறிவு மட்டும் இல்லாதிருந்தால் கடந்த ஏழு வருசமும் மனுசன் நிம்மதியாக இருந்திருப்பார்.

ஆளை முதலில் பார்த்துவிடுங்கள். ஒல்லி உடம்பு, பால் கறை பட்டுக் கறுத்த சட்டை, நெற்றியில் எப்போதும் பாதி அழிந்த திருநீறு. விடியற்காலையில் றப்பர் பால் வெட்டு. செவ்வாய் வெள்ளியில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசை. அவருக்கென்று முந்நூறு மரம். எல்லாவற்றையும் வெட்டி முடித்தபிறகு, பால் சிரட்டைகளில் சொட்டி நிறைய ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் மற்றவர்கள் தேத்தண்ணி குடிப்பார்கள், போனில் பாட்டுக் கேட்பார்கள். ஏழுமலை சரிவில் இறங்கிச் சியாரத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். பனி மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருக்கும். முந்நூறு சிரட்டையிலும் பால் சொட்டுவது காதுக்குக் கேட்காது, ஆனாலும் கேட்கிறமாதிரியே இருக்கும். அந்த ஒன்றரை மணி நேரம் இந்த உலகத்தில் சேர்த்தி இல்லை என்று அவருக்கு ஓர் எண்ணம்.

சியாரம் என்றதும் பெரிய கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். நாலு கல்சுவர், தகரக் கூரை, வாசலில் ஒரு பச்சைக் கொடி, நடுவில் பச்சைத் துணி போர்த்திய மேடு. முன்னொரு காலத்தில் எங்கிருந்தோ வந்த ஓர் அவ்லியா, அதாவது இறைநேசர், அங்கே அடங்கியிருக்கிறார் என்று ஊரே நம்பியது. பஜாரிலிருந்து முஸ்லிம்கள் வருவார்கள். தோட்டத்து லய வீடுகளிலிருந்து நம்முடைய சனங்கள் போவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கீழே சிங்களக் கிராமத்திலிருந்தும் வந்து விளக்கு வைப்பார்கள். விளக்குக்கும் சாவிக்கும் பொறுப்பு புவாட். பஜாரில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவர். ஏழுமலைக்கு மூன்று வயது மூத்தவர், அதனால் இவருக்கு அவர் அண்ணன் முறையில் "நானா". சாம்பிராணியும் கருவாடும் சேர்ந்து மணக்கிற மனுசன் இலங்கையிலேயே அவர் ஒருத்தராகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்தால் பேச்சு எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கும்.

"நான், நான்னு நெஞ்சுக்குள்ள ஒருத்தன் கத்திக்கிட்டே ஈக்கிறானே பூசாரி, அவன் வாய மூடினாத்தான் அல்லா பேசுறது கேக்கும்" என்பார் புவாட்.

"எங்கள்லயும் அதத்தான் சொல்றாங்க நானா. உள்ள இருக்கிறதும் வெளிய இருக்கிறதும் ஒன்னுதானாம். நடுவுல நிக்கிற இந்த ஏழுமலதான் மறைக்கிறானாம்."

"அப்ப ஏழுமலய கொஞ்சம் நகரச் சொல்லுங்க."

"கருவாட்டுக் கடைக்காரரு நகரட்டும், நானும் நகர்றேன்."

வியாழக்கிழமை பின்னேரங்களில் நாலைந்து பேர் அங்கே வட்டமாக உட்கார்ந்து, மூச்சோடு மூச்சாக இறைவன் பேரை இழுத்து விடுவார்கள். கேட்டுக் கேட்டு ஏழுமலைக்கும் அது ஒட்டிக்கொண்டது. பட்டையில் கத்தியை இழுக்கும்போது அவருடைய மூச்சும் அதே தாளத்தில் போகும். அந்த மூச்சுக்குள் ஓம் என்று போட்டுப் பார்த்தார். அதுவும் சரியாகத்தான் உட்கார்ந்தது.

பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் அவருடைய மனைவி மருதாயி படுத்த படுக்கையானாள். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். தன் அம்மனிடம் அழுது தீர்த்தும் மனசு அடங்காமல், ஒரு காலையில் ஏழுமலை சியாரத்துக்குள் போய், பச்சைத் துணியில் தலையை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதார். புவாட் வெளியே நின்று யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டார். மருதாயி எழுந்தாள். நாலு வருசம் இருந்தாள், சிரித்தாள், சண்டை போட்டாள், பிறகு ஒரு மத்தியானம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். அந்த நாலு வருசமும் அவ்லியா கொடுத்தது என்பதில் ஏழுமலைக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அவள் போன அடுத்த வருசம் பெரிய மழை. சியாரத்தின் பின்சுவர் சரிந்துவிட்டது. புவாட் மகள் நஸ்லினின் பிரசவத்துக்காகக் கொழும்பில் இருந்தார். திரும்பி வருவதற்குள் கட்டிவிடலாமே என்று ஏழுமலை ஒற்றை ஆளாகக் கல் எடுத்துக் கட்டினார். அஸ்திவாரத்துக்குத் தோண்டும்போது மேட்டின் பக்கவாட்டு மண் பொத்தென்று உள்ளே விழுந்தது. பதறிப்போய்க் கையை விட்டார். மேலே ஒரு முழத்துக்குக் குவித்த கல்லும் மண்ணும். அதற்குக் கீழே, விரலில் தட்டுப்பட்டது வரிவரியான செம்மண். இறுகி, குளிர்ந்து, ஒருத்தன் கையும் படாமல்.

அங்கே யாரையும் புதைக்கவே இல்லை.

அன்றைக்கு அவர் மழையில் நனைந்துகொண்டு எவ்வளவு நேரம் அப்படியே குந்தியிருந்தாரோ தெரியாது. பிறகு மண்ணைத் தள்ளி மூடி, சுவரைக் கட்டி, துணியைச் சரிசெய்துவிட்டு வந்தார். நானாவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அந்த மனுசனுடைய ஆயுசு முழுக்க ஏற்றிய விளக்கு என்னாவது? மருதாயியின் நாலு வருசம் யார் கொடுத்தது? இந்தக் கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டே ஏழு வருசம் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பேசினார் பாவி மனுசன்.

இந்த வருசம் மே மாத மழைக்குப் பிறகு ஒப்பீஸ்காரர்கள் வந்து சரிவெல்லாம் சிவப்பு மையால் கோடு போட்டார்கள். நாய போகிற இடம் என்றார்கள். மண்சரிவை இங்கே எல்லாரும் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வது. சியாரத்தை ரோட்டோரத் திட்டுக்கு மாற்ற வேண்டுமாம். ஊர்ப் பெரியவர்கள் கூடி, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மேட்டைத் திறந்து, உள்ளே இருப்பதை மரியாதையோடு எடுத்து மேலே அடக்குவது என்று பேசி முடித்தார்கள். கேட்டதிலிருந்து ஏழுமலைக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் கண்ணுக்குள் நின்றது. ஊருக்கு முன்னால் நானா அந்தக் குழியைப் பார்ப்பார். தாங்குவாரா?

யோசித்து யோசித்து அவர் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதை ஏழுமலையைத் தவிர யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அவரிடம் இன்னொரு குட்டும் இருந்தது. ஒன்பது வருசத்துக்கு முன்னால் கோயிலைப் புதுப்பித்துப் புது அம்மன் சிலை வைத்தார்கள். வேலை முடிகிறவரை ஐயர் மந்திரம் சொல்லி, பழைய கல்லில் இருந்த அம்மனைத் தண்ணீர் நிறைந்த ஒரு பித்தளைக் கும்பத்துக்கு மாற்றினார். "இனி இது வெறும் கல்லுதான், ஆத்துல விட்டுருங்க" என்று பழைய கல்லைக் காட்டினார். கும்பத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு தகரக் கொட்டிலுக்குப் போனவர் ஏழுமலை. தண்ணீரின் கனம் அவருக்குத் தெரியாதா? இது அந்தக் கனம் இல்லை. வழியில் நின்று நின்றுதான் போய்ச் சேர்ந்தார்.

கல்லை ஆற்றில் விடப் போனவரும் அவர்தான். சாக்கில் சுற்றி, களனி கங்கை வரைக்கும் போனார். இருபது வருசம் குளிப்பாட்டிய முகம், மூக்குத் தேய்ந்துபோன முகம், கை வரவில்லை. சாக்கோடு திரும்பி வந்து லயத்துக்குப் பின்னால் பலாமரத்தடியில் வைத்துவிட்டு, விட்டாச்சு என்று கோயில் கமிட்டியிடம் கூசாமல் சொன்னார். மருதாயி பார்த்துவிட்டு, "அனே, வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டீங்களா!" என்று சிரித்தாள். அன்று முதல் அவள் ஒரு செவ்வரத்தம்பூ வைத்தாள். அவள் போனபிறகு இவர் வைத்தார்.

இப்போது அந்தக் கல்லைக் கொண்டுபோய் மேட்டுக்குள் வைத்துவிடுவது. திறக்கும்போது ஏதோ ஒன்று இருக்கும். நானாவின் நெஞ்சு தப்பிக்கும். அவ்லியா இல்லாவிட்டால் அம்மா இருந்துவிட்டுப் போகட்டும். இதுதான் திட்டம்!

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும், கல்லைப் பால் வாளியில் வைத்து, மேலே சாக்குப் போட்டு இறங்கினார். பனி இடுப்பளவுக்குக் கிடந்தது. தன் காலே தனக்குத் தெரியவில்லை. தான் கட்டிய சுவரில் மூன்று கல்லைப் பெயர்த்திருப்பார்.

"வாங்க பூசாரி. இன்னைக்கு மரமெல்லாம் லீவா?"

சுபஹுத் தொழுகையை முடித்துவிட்டுப் புவாட் உள்ளேயே இருட்டில் உட்கார்ந்திருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட ஏழுமலை வாளியைக் காலுக்குப் பின்னால் தள்ளினார். புவாட் வெளியே வந்து சாக்கைத் தூக்கிப் பார்த்தார். கல்லையும் பார்த்தார், பெயர்த்த சுவரையும் பார்த்தார்.

"உள்ள ஒன்னும் இல்லன்னு ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

ஏழுமலை அப்படியே உட்கார்ந்துவிட்டார். "செவுரு கட்டுனப்ப, நானா. நீங்க தாங்க மாட்டீங்கன்னு..."

"எனக்கு முப்பது வருசமாத் தெரியும்." புவாட் பக்கத்தில் உட்கார்ந்தார். "வாப்பா மௌத்தாகுறதுக்கு முந்தி சாவியத் தந்து சொன்னாரு. அந்தப் பெரியவரு இந்த எடத்துல நாப்பது நாள் உக்காந்தாராம். ஒரு காலையில எழும்பிப் போயிட்டாராம். சனங்களுக்கு மனசு கேக்கல்ல. அவர் இருந்த எடத்துல கல்லக் குவிச்சு வச்சாங்க. கொஞ்சக் காலத்துல அது அவர அடக்கின கப்ராப் போச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்புடிச் சொல்றது? அந்தத் துணியில தல வச்சு நீங்க அழுத அழுகைய வெளிய நின்னு கேட்டவன் நான். மருதாயி எழும்பி வந்து எனக்குச் சோறு போட்டிச்சு. அந்தச் சோத்தத் தின்னுட்டு, உள்ள யாரும் இல்லன்னு எந்த வாயால சொல்ல?"

ஏழுமலைக்கு அழுகை வந்தது; அடக்கவில்லை. பிறகு இரண்டு கிழவர்களும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் புவாட் வாளியைக் காட்டி, "இதுக்குள்ள அம்மா ஈக்கிறாவா?" என்று கேட்டார்.

"இல்ல. ஐயரு கும்பத்துக்கு மாத்திட்டாரு. வெறும் கல்லு."

"அப்ப வெறும் எடத்துல வெறும் கல்ல வைக்க வந்திருக்கிறீங்க. வேணாம் பூசாரி. அது வெறுமையாவே இருக்கட்டும். அவர் தன்னைத் தொலைச்ச எடம் அது. அத நெரப்பி வைக்க நாம யாரு?" என்றார் புவாட். பிறகு குரல் இறங்கியது. "ஆனா நாளைக்கு ஊர் பாக்குமே. முப்பது வருசம் ஏமாத்திட்டான்னு சொல்லுவாங்க. எனக்குப் பயமா ஈக்கிது."

பனிக்குள் எங்கேயோ ஒரு மரத்திலிருந்து இலை உதிர்ந்தது. ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானா, கல்ல விட்டுட்டு அம்மன எப்புடித் தூக்கிட்டுப் போனோம்? அந்தக் கும்பம் எங்கிட்டத்தான் இருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை ஊரே திரண்டிருந்தது. மண்வெட்டி இறங்குவதற்கு முன்னால் புவாட் கையை உயர்த்தினார். வாப்பா சொன்னதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். இங்கே யாரும் அடங்கவில்லை. ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்துவிட்டுப் போன இடம். சொல்லாமல் இருந்தது என் பிழை. பின்னாலிருந்து ஒருவர், "அப்ப இவ்வளவு நாளா நாங்க யாருக்கிட்டக் கேட்டோம்?" என்று கோபமாகக் கத்தினார்.

புவாட் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஏழுமலை முன்னால் வந்தார். ஊர் முன்னால் பேசிப் பழக்கமில்லாத மனுசன்.

"அது வெறும் மண்ணுன்னு எனக்கு ஏழு வருசமாத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் வந்தேன். என் பொஞ்சாதிக்கு நாலு வருசம் கெடைச்சது. அது வெறும் நாலு வருசம் இல்லைங்க" என்றார். கையிலிருந்த கும்பத்தைக் கீழே வைத்தார்.

புவாட் குனிந்து, மேட்டின் அடியிலிருந்து வெட்டுப்படாத செம்மண்ணைச் சுரண்டி, ஒரு பிடி கும்பத்தில் போட்டார். பிறகு கத்திய அதே ஆள் வந்தார். தலையைக் குனிந்தபடி ஒரு கிள்ளு மண் போட்டார். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"தூக்குங்க பூசாரி" என்றார் புவாட்.

"நான் தூக்குறதா? நீங்கதானே..."

"ஒங்களுக்குத்தான் பழக்கம் ஈக்கிது."

பச்சைத் துணியைச் சும்மாடு கட்டி ஏழுமலை கும்பத்தைத் தலையில் ஏற்றினார். பாதி கூட நிறையாத செம்மண்தான். நாலு அடி வைத்ததும் நின்று சும்மாட்டைச் சரிசெய்தார். ஒன்பது வருசத்துக்கு முன்னால் சுமந்த அதே கனம். அவருக்குத் தெரியாத கனமா? சாமி, சாமி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஏறினார். பக்கத்தில் புவாட் மூச்சை இழுத்து விட்டபடி ஏறினார். எந்த மூச்சு யாருடையது என்று ஏழுமலைக்குப் பிரித்துத் தெரியவில்லை.

மேலே வைத்து முடித்தபிறகு புவாட் காதருகில் வந்து, "நான் ஊருக்குச் சொல்லிட்டன். ஒங்கட கல்லு?" என்று கேட்டார்.

அன்று மாலையே இரண்டு பேரும் திரீவீலரில் களனி கங்கைக்குப் போனார்கள். தண்ணீருக்குள் இறங்கி, அந்தத் தேய்ந்த முகத்தைக் கடைசியாக ஒருதரம் தடவிவிட்டுக் கையை எடுத்தார் ஏழுமலை. கோயில் கமிட்டிக்குச் சொன்ன பழைய பொய் உண்மையாகிவிட்டது.

மறுநாள் விடியற்காலையில், பால் வெட்டப் போகிற வழியில், கை பழக்கத்தில் ஒரு செவ்வரத்தம்பூவைப் பறித்துவிட்டது. பலாமரத்தடியில் குனிந்தபிறகுதான் ஞாபகம் வந்தது. கல் இருந்த இடத்தில் உள்ளங்கை அளவு பள்ளம். அதில் கொஞ்சம் மழைத்தண்ணீர்.

ஏழுமலை பூவைத் திருப்பி எடுக்கவில்லை. அந்தப் பள்ளத்திலேயே வைத்துவிட்டு மரத்துக்குப் போனார்.