பிரிக்காத உறைகள்

"உன் வயசு என்ன?"

காவல் நிலையத்தில் இதைக் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கட்டட வேலை நடக்கும் இடமெல்லாம் அம்மாவோடு மாறிமாறிப் போனவள் நான். பிறப்புச் சான்றிதழ் எங்கேயும் இல்லை. கடையில் போனைத் திருடியது நான்தான், ஒப்புக்கொண்டேன். ஆள் நெடுநெடுவென்று இருந்ததால் போலீஸ்காரர் பத்தொன்பது என்று எழுதிக்கொண்டார். பதினெட்டுக்குக் கீழே என்றால் சிறுவர் இல்லம், மேலே என்றால் பெரியவர்கள் இருக்கும் சிறை. எலும்பைப் பார்த்து வயதைச் சொல்லட்டும் என்று நீதிபதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கேதான் எக்ஸ்ரே அக்காவைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். ஜன்னல் இல்லாத அந்த அறையில் பதினொரு வருட வேலை. கதிர் படாமலிருக்க அவர் போட்டிருந்த ஈயக் கவசம் தோளில் கிழிந்து, பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"கையத்தான் எடுக்கப் போறேன். நீ தாராளமா மூச்சு விடு, தங்கம்."

பெயரைச் சரிபார்க்க என் கோப்பைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், டாக்டர் ரிப்போர்ட் ஏற்கெனவே இருக்கே. பத்தொன்பதுன்னு போட்டுக் கையெழுத்தும் இருக்கு."

"ஆமா," என்றார் என்னைக் கூட்டிவந்த போலீஸ்காரர்.

"நான் இன்னும் படமே எடுக்கலையே."

"நாங்க சொல்ற வயச அவரு காலையிலயே எழுதிக் குடுத்துடுவாரும்மா. எப்பவும் நடக்கிறதுதானே. புதுசா கேக்குறீங்க."

"எப்பவுமா?"

அக்காவுக்கு உண்மையிலேயே தெரியாது. படத்தை உறையில் போட்டு ஒட்டி, டாக்டர் அறை அலமாரியில் வைப்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். என் மணிக்கட்டைப் படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எலும்பின் முனையில் மெல்லிய கறுப்புக் கோடு.

"வளர்ச்சி முடிஞ்சா இந்தக் கோடு மூடிக்கும். இது இன்னும் ஒட்டல. நீ வளர்ந்துக்கிட்டு இருக்க," என்றார்.

பிறகு விறுவிறுவென்று பக்கத்து அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தார். அடுக்கடுக்காக உறைகள். ஒன்றின் பசைகூடப் பிரிக்கப்படவில்லை. ஒன்றைக் கிழித்தார். இன்னொன்றைக் கிழித்தார். மூன்றாவது படத்தைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது சின்னப் புள்ள கை, சார்."

"கோர்ட்டுக்கு நேரமாச்சும்மா," என்று போலீஸ்காரர் ஜீப் சாவியை எடுத்தார்.

கவசத்தைக்கூடக் கழற்றாமல் உறைகளை அள்ளிக்கொண்டு எங்களோடு ஜீப்பில் ஏறினார். நீதிபதி அம்மா என் படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அந்த ரிப்போர்ட்டை ஒதுக்கிவிட்டு, வேறு டாக்டர் பார்க்கும்வரை என்னைச் சிறுவர் இல்லத்தில் வைக்கச் சொன்னார். பதினாறு என்று அந்த டாக்டர் எழுதினார். இல்லத்திலிருந்தே பள்ளிப் படிப்பை முடித்தேன்.

மற்ற உறைகளையும் பிரிக்க உத்தரவானது. பாதிக்கு மேல் பிள்ளைகளின் கைகள். பெரியவர்கள் சிறைக்கு அனுப்பப்பட்ட அவர்களில் பலரை இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. லீவு நாளில் ஒவ்வொரு சிறையாகப் போய் விசாரிக்கிறார் அக்கா.

"படம் எடுத்தவ நான்தானே. ஒரு நாளாவது கேட்டிருக்கணும்," என்பார்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படி உள்ளே போயிருந்தால், வயதுக்காக எடுத்த எக்ஸ்ரே படத்தை யாராவது பார்த்தார்களா என்று அவர்கள் வீட்டாரைக் கேட்கச் சொல்லுங்கள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள்.