கரிக்காரர் வீட்டு வைரம்

எனக்கு எண்பத்தாறு வயது. பெற்றது ஆறு, கொழுந்தனாருடைய இரண்டையும் சேர்த்து வளர்த்தது எட்டு. கையெழுத்துக்கு மேல் எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

ஐம்பதுகளில் பாகலூரிலிருந்து தேன்கனிக்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். புகுந்த வீட்டில் கரி மண்டி. மரத்தைச் சுட்டுக் கரியாக்கி ஓசூருக்கு வண்டி ஏற்றுவார்கள். நெருப்பைப் பற்றித் தமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது மாமியாரின் எண்ணம்.

அப்பா எனக்கு ஒற்றைக்கல் வைர மூக்குத்தி போட்டு அனுப்பியிருந்தார். மூன்றாம் மாதம் மாமியாருக்குச் சந்தேகம் வந்தது.

"ஏண்டி, இது வைரமா, கண்ணாடியா? அசல் வைரத்த நெருப்பு ஒண்ணும் பண்ணாது. போட்டுப் பாத்துரலாம். கண்ணாடின்னா இன்னைக்கே பாகலூரு பஸ் ஏறிடு."

என் வீட்டுக்காரர் கரி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எண்ணி முடியவே இல்லை.

கல்லைப் பெயர்த்து, எங்களிடம் கரி வாங்கும் கொல்லரின் உலையில் போட்டார்கள். "இன்னும் ஊதுப்பா, இன்னும் ஊது" என்று மாமியார் பக்கத்திலேயே நின்றார். இடுக்கியில் எடுத்தபோது கல் சோற்றுப் பருக்கைபோல் வெளுத்திருந்தது.

"பாத்தியா! உங்கப்பன் சாயம் வெளுத்துப் போச்சு."

"கண்ணாடின்னா இந்நேரம் உருகியிருக்குங்கம்மா" என்றார் கொல்லர்.

"நீ உன் கடப்பாரையப் பாரு."

நான் அழவில்லை. கண்ணாடிக் கடையில் வைரமுனையால் கோடு இழுத்து அறுப்பதைப் பார்த்திருக்கிறேன். கல் ஆறியதும் இடுக்கியோடு வீட்டுக்கு எடுத்து வந்து, மாமியார் பெங்களூரில் வாங்கிய நிலைக்கண்ணாடியில், அவர் கண்முன்னாலேயே, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. கிறீச்சென்று ஆழமாக விழுந்தது கோடு.

"இப்ப சொல்லுங்க அத்தே, பஸ் எத்தனை மணிக்கு?"

அவர் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். "வைரம்னா மொதல்லயே சொல்றதுதான?" என்றார்.

மங்கிய கல்லையே மறுபடி கட்டிப் போட்டுக்கொண்டேன். யாராவது கேட்டால் மாமியார் முந்திக்கொள்வார்: "பால் வைரம். எல்லார் வீட்லயும் இருக்காது."

உண்மைதான்.

கல்லூரியில் ரசாயனம் படிக்கும் இந்தப் பேத்தி இப்போது சொல்கிறாள்: வைரமும் கரியும் ஒரே பொருள்தானாம், உள்ளே அடுக்கியிருக்கும் விதம்தான் வேறாம். தீ மிஞ்சினால் வைரமும் எரிந்து போகுமாம். மாமியார் இன்னும் கொஞ்சம் ஊதச் சொல்லியிருந்தால் அப்பாவின் மானம் புகையாகப் போயிருக்கும். மூன்று தலைமுறையாகக் கரி விற்ற வீட்டில் ஒருவருக்கும் இது தெரியவில்லை. இவள் எழுதும் பென்சிலின் முனைகூட அதே சரக்குதானாம்.

சரி, அதைக் கீழே வை, கண்ணு. மாமியாரைப் பற்றி நான் சொன்னதில் எதையும் குறைக்காமல் எழுதியிருக்கிறாயா? எங்கே, முதலிலிருந்து படித்துக் காட்டு.