எலிகள் தின்ற பாம்பு

பிரெஞ்சுக்காரர் காலத்தில், வில்லியனூரில் மதகுகளுக்கும் சாவடிகளுக்கும் கட்டட வரைபடம் போட்டுக்கொடுக்கும் சர்க்கார் வேலை எனக்கு. ஒருநாள் பாகூர்ப் பக்கத்துப் பெரிய நிலக்காரர் ஒருவர் ஆளனுப்பி, ஒரு பாம்புக்குக் கூண்டு கட்ட வேண்டும் என்றார். பிரான்சுக்குப் போய் வந்தவர் அவர்; வெள்ளைக்காரர்களைப் போலத் தன்னையும் 'முசியே' என்று கூப்பிட வேண்டும் என்பார். திரும்பி வருகையில், மிருகம் விற்கிற மாலுமி ஒருவனிடம் அமெரிக்கப் பாம்பை வாங்கி வந்திருந்தார். அதன் வால் நுனியில் காய்ந்த கொட்டைகளைக் கோத்தது போலக் கணுக்கள் இருந்தன. பயந்தால் அவற்றைக் கிலுகிலுவென்று ஆட்டும். அவர் தோட்டத்தில் ஏற்கெனவே மானும் குரங்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரியிலிருந்து வெள்ளைக்காரர்களும் நம்மவர்களும் வேடிக்கை பார்க்க வருவார்கள்.

முதலில் எனக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. மார்பளவு ஆழத்தில் செங்கல் தொட்டி கட்டி, உள்சுவரை வழுவழுப்பாகப் பூசி, விளிம்பை உட்பக்கம் வளைத்தேன். மழைநீர் வடியத் தரையைச் சரித்து மணல் பரப்பினேன். மரப்பெட்டியில் அந்தப் பாம்பைச் சில நாட்கள் கவனித்திருந்தேன். உடம்பு எல்லாப் பக்கமும் எதிலாவது ஒட்டியிருந்தால்தான் அது வாலை ஆட்டாமல் அடங்கிக் கிடந்தது. அதனால் ஒரு மூலையில் கல்பலகைகளைச் சாய்த்து ஒரு பொந்தும் வைத்தேன்.

நிலக்காரர் வந்து பார்த்தார். "ஒளிஞ்சிக்க எடம் குடுத்துட்டா வர்றவங்க இன்னாத்தப் பாப்பாங்க?" என்றார். பலகைகளை அன்றைக்கே எடுத்துப்போட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த இடமே அருவருப்பாகிவிட்டது. வாலின் சத்தம் கேட்பதற்காக ஒரு மூங்கில் கழியைச் சுவரோரம் வைத்திருந்தார்கள். பட்டு அங்கவஸ்திரம் போட்ட பெரிய மனிதர்கள் அதை வாங்கிப் பாம்பின் விலாவில் குத்திவிட்டு, குத்திய கையாலேயே பலகாரம் எடுத்துத் தின்றார்கள். வெற்றிலைச் சாற்றைத் தொட்டிக்குள்ளேயே துப்பினார்கள். பாம்பு ஒதுங்க இடம் தேடிச் சுவரில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து, மூக்கு சதை தெரியப் புண்ணாகிவிட்டது. இரைக்குப் போட்ட எலிகளின் புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்த நாற்றம் கரும்புத் தோட்டம் வரைக்கும் வீசியது.

மார்கழிக் குளிரில் பாம்பு இரை எடுப்பதை நிறுத்திக்கொண்டது. நிலக்காரருக்கு அது புரியவில்லை. வரப்பு எலிகளைப் பானை நிறையப் பிடித்துவரச் சொல்லி உயிரோடு உள்ளே கொட்டினார். குளிரில் அது தின்னாது, எலிகளை எடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். விருந்தாளிகள் வரும்போது அது கவ்வுவதைக் காட்ட வேண்டும் என்றார்.

ஞாயிறு காலையில் வடிகாலைப் பார்க்கப் போனேன். எலிகள் பாம்பின் முதுகில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன. நடுமுதுகில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பாம்புக்கு இன்னும் உயிர் இருந்தது. வால் மெல்ல அசைந்தது, சத்தம் எழவில்லை.

ஆள் போய்ச் சொல்ல, நிலக்காரர் வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"காயத்த அந்தப் பக்கமா திருப்பிப் போடுங்கபா. தல தெரிஞ்சா போதும். சாயங்காலம் வரிக்கும் உசுரு இருக்கும்ல?"

"இருக்காது முசியே" என்றேன்.

தோட்டக்காரர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, விளிம்பிலிருந்தே குனிந்து பாம்பின் கழுத்தில் ஓங்கிப் போட்டேன். நிலக்காரர் என்னைத் திட்டவில்லை. வாலை மட்டும் நறுக்கிக் கழுவி எடுத்துவரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று மாலை விருந்தில் அந்த வால் ஒரு தட்டில் வைத்துக் கை மாறியதாம். எல்லோரும் காதோரம் ஆட்டிப் பார்த்துச் சிரித்தார்களாம். தோட்டக்காரர் இதைச் சொன்னபோது நான் கரும்புக் கொல்லை ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

அடுத்த மாதம் முதலைக்கு ஒரு குளம் வேண்டும் என்று ஆள் வந்தது. அவருக்கு இனி ஒரு கோடும் போடமாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். நிலக்காரர் என் மேலதிகாரிகளிடம் பேசி என்னைத் தூரத்து மண்ணாடிப்பட்டுக்கு மாற்றிவிட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. பின்னாளில் அந்த விருந்தாளிகளில் ஒருவர் சந்தையில் எதிர்ப்பட்டு, நல்லா இருக்கிறீர்களா என்று கை நீட்டினார். அந்தக் கையைத் தொட எனக்கு மனம் வரவில்லை.