அரியலூரில் ஒரு முங்கல்

பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்த நான், தூத்துக்குடி ரயிலுக்கு நேரமிருப்பதால் அரியலூர் ஸ்டேஷனை ஒட்டிய வயல் கிணற்றில் குளிக்கிறேன். நீந்தத் தெரியும், தலையை முக்கத்தான் பயம். லீவில் கடலுக்குப் போய் முங்கக் கற்றுக்கொள்ளப் போவதாக, மாடுகளை ஓட்டிக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கும் அம்மாளிடம் சொல்கிறேன்.

"கடல்ல யாருங்க தூக்கிவுடுவா? இங்கயே முங்குங்க." கவலையின் தோல்பையைக் கழற்றிவிட்டுக் கயிற்றை என்னிடம் போடுகிறார். "இடுப்புல கட்டிக்குங்க. ஒரு இழு இழுத்தா மாட்ட ஓட்டித் தூக்கிடறேன். கவலை இருக்கறப்ப என்னங்க கவலை?"

சிரித்துக்கொண்டே முங்குகிறேன். பலமுறை பாதியில் திரும்பியபின், கைநிறையச் சேற்றோடு மேலே வருகிறேன். கயிற்றை ஒருமுறைகூட இழுக்கவில்லை.

அந்த அம்மாள் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறார். அவர் வயல் வாய்க்காலில் தண்ணீர் வற்றியிருக்கிறது.