மாப்பிள்ளைக்கு இரண்டு கார்

போன ஞாயிற்றுக்கிழமை, மாலை அசர் தொழுகை முடிந்த கையோடு, காரைக்காலில் ஒரு தெரு முனையில் நானூற்றுச் சொச்சம் குதிரை சக்தி கொண்ட கார் ஒன்று பத்தடி நகர முடியாமல் நின்று கத்திக்கொண்டிருந்தது. கீங்... கீங்... கீங்...

உள்ளே, கழுத்து நிறைய ரோஜா மாலையோடு மாப்பிள்ளை. முன்னால், தஃப் கொட்டடித்து, பைத்து என்கிற வாழ்த்துப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்த குழு. எல்லாருக்கும் பின்னால், நெரவிப் பக்கமிருந்து வைக்கோல் ஏற்றி வந்து மாட்டிக்கொண்ட ஒரு டிராக்டர். நடுவில், கைக்குட்டை நனைந்துபோய் நின்றிருந்தேன் நான்.

கார் விஷயத்தில் என் ஞானம் எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். என் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கே எனக்கு இன்னொரு ஆள் வேண்டும். அப்படிப்பட்டவன் அன்றைக்கு இரண்டு கார்களுக்கு நடுவே பஞ்சாயத்துப் பண்ண வேண்டியதாகிவிட்டது. ஏன் என்று கேட்கிறீர்களா? வாயை மூடிக்கொண்டிருந்ததால்.

கபூர் என் பள்ளித் தோழன். ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்து கொஞ்ச நாளில் துபாய் போனான். அங்கே ஒரு அரபி வீட்டில் டிரைவர் வேலை. அரபிக்கு ஏழெட்டுக் கார்கள். அதில் அவருக்கு உயிரான ஒன்று, அறுபதுகளில் வந்த அமெரிக்க மஸில் கார். (கம்பெனி பெயர் வேண்டாம். சொன்னால் விளம்பரம் என்பீர்கள்.) அளவான உடம்புக்குள் அளவுக்கு மீறிய எஞ்சினைத் திணித்தால் அதற்கு மஸில் கார் என்று பெயராம். அதைத் துடைத்து, எண்ணெய் மாற்றி, வாரம் ஒருமுறை வெளியே ஓட்டிக் காட்டுவது கபூரின் வேலை.

அந்தக் காரில் சாய்ந்துகொண்டு, கூலிங் கிளாஸ் போட்டு, ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினான்.

அவன் மகன் ரியாஸ் அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் வளர்ந்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டு மாதம் வந்து போகிற வாப்பாவைவிட, ஷோகேஸில் அந்தப் போட்டோவில் நின்ற வாப்பா அவனுக்கு ரொம்பப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் அது வாப்பாவின் சொந்தக் கார் என்று சொல்லி வைத்திருந்தான். யாரும் மறுக்கவில்லை. துபாயில் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

கபூர் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பினான். அடுத்த வருஷமே ரியாஸ் வேலை கிடைத்து துபாய் போய்விட்டான். அப்பனும் மகனும் ஏர்போர்ட்டில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்ட மாதிரிதான் இருந்தது. இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவர் பாசம் இல்லாமல் இல்லை. பேசிப் பழக்கம்தான் இல்லை. போனில்கூட, "சாப்ட்டியா?", "சாப்ட்டேன் வாப்பா", "உம்மாகிட்ட குடுக்குறேன்" — இவ்வளவுதான்.

இப்போது ரியாஸுக்குக் கல்யாணம்.

எங்கள் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. வீடு பெண்ணுக்கு. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ வேண்டும். ஆகவே மாப்பிள்ளை ஊர்வலம் என்பது சும்மா ஊரைச் சுற்றி வருவதல்ல. பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்புகிறான். மறுநாள் வாப்பா வீட்டுக்கு அவன் வந்தால், அவனுக்கு டீயைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள்.

பெண் வீடு எங்கே? மூன்று தெரு தள்ளி!

சிரிக்காதீர்கள். கபூர் சிரிக்கவில்லை. ஒரு மாதம் முன்பு தருமபுரத்தில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான்.

"மூணு தெருதாண்டா. அந்த மூணு தெருவும் நான் அவன் பக்கத்துல உட்கார்ந்து போவணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"போயேன். யார் வேணாங்கிறா?"

"சாதா கார்ல இல்லடா. அந்தக் கார்ல." ஷோகேஸ் போட்டோவில் உள்ள அதே மாடல் பழைய கார், புதுச்சேரியில் ஒருவரிடம் இருக்கிறதாம். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறாராம். பேசி முடித்துவிட்டான். "பயலுக்குத் தெரியக் கூடாது. அன்னைக்கிக் காலையில வாசல்ல நிக்கணும். நீ வாயத் தொறந்தே, அவ்ளோதான்."

வாயைத் திறக்கவில்லை.

அதே வாரம் துபாயிலிருந்து ரியாஸ் என்னை அழைத்தான். "மாமா, வாப்பா ஒரு கார் பக்கத்துல நின்னு எடுத்த போட்டோ இருக்குல்ல? அதே கார் இப்போ புது மாடல் வந்திருக்கு. மெட்ராஸ்ல என் பிரெண்டுகிட்ட இருக்கு. கல்யாணத்துக்குக் கொண்டு வர்றான். வாப்பாவுக்கு சர்ப்ரைஸ். நீங்க சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. இரண்டு பேர் ரகசியத்தையும் கட்டிக் காத்தேன். நான் இதுவரை செய்த நல்ல காரியங்களிலேயே ஆக முட்டாள்தனமானது அதுதான்.

ஞாயிறு காலை. வாசலில் இரண்டு கார்கள், மூக்கும் மூக்கும் உரச நின்றன. புதுசு மஞ்சள், பழசு சிவப்பு. பெயர் ஒன்று, முகஜாடை ஒன்று. வயதுதான் அரை நூற்றாண்டுக்கு மேல் வித்தியாசம்.

வந்ததுதான் வந்தோம், ஒப்பிட்டுப் பார்த்துவிடுவோமே என்று சுற்றி வந்தேன். புதுசு நல்ல அகலம். ஜிம்முக்குப் போய் வந்த உடம்பு. உள்ளே டிவி மாதிரி ஒரு திரை. தொட்டால் 'நார்மல்', 'ஸ்போர்ட்', 'டிராக்' என்று வரிசையாக மோடுகள். எஞ்சின் உறுமுவதுகூட உள்ளே பாதி ஸ்பீக்கர் வழியாகத்தான் கேட்குமாம். சத்தம் அதிகமென்றால் குறைத்துக்கொள்ளலாமாம்! நம்பர் பிளேட் பி.ஒய். சென்னையில் ஓடுகிற வண்டிக்கு, வரி குறைவான எங்கள் பக்கத்து நம்பர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் ஏன் வீண் பேச்சு?

பழசு ஒல்லி. ஆனால் கதவைச் சாத்தினால் பீரோவைச் சாத்துகிற சத்தம். இடது பக்கம் ஸ்டீயரிங். கண்ணாடியைக் கையால்தான் சுற்றி இறக்க வேண்டும். உள்ளே பெட்ரோல் வாசம். ஸ்பீக்கர் எல்லாம் இல்லை. உறுமினால் அதுவேதான் உறுமுகிறது. ஓட்டி வந்தவர் பாஸ்கர், புதுச்சேரிக்காரர். "பிரேக் எப்படிங்க?" என்று கேட்டேன். "முன்கூட்டியே சொல்லிட்டா நிக்கும் சார்" என்றார்.

நியாயமாகச் சொல்கிறேன். மழை நாளில், குடும்பத்தோடு, இரண்டு மணி நேரம் போக வேண்டும் என்றால் நான் புதுசில்தான் ஏறுவேன். ஏசி உண்டு, ஏர்பேக் உண்டு, பிரேக் கேட்காமலே நிற்கும். பழசு என்றாலே உசத்தி என்று பேசுகிற கூட்டத்தில் நான் இல்லை.

ஆனால் கபூரின் கணக்கு வேறு. புதுக்காரைச் சுற்றி வந்தான். முகம் மலர்ந்துதான் இருந்தது. மகன் தனக்காக யோசித்திருக்கிறான் என்ற சந்தோஷம் அவனுக்கு. பிறகு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"இதுல நான் எங்கடா உட்கார்றது?"

முன்னால் இரண்டு தனித்தனி சீட்டு. ஓட்டுகிற நண்பருக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று. பின்னால் சீட்டு மாதிரி ஏதோ இருந்தது. கைப்பை வைக்கலாம். கபூர் விடவில்லை. முன்சீட்டை மடக்கி, ஒரு காலை உள்ளே விட்டான். முட்டி வழக்கம்போல் மறுத்துவிட்டது. உள்ளேயும் போகாமல், வெளியேயும் வராமல் அவன் நிற்க, நானும் இன்னொருவருமாகப் பிடித்து இழுத்து எடுத்தோம். எல்லாரும் சிரித்தார்கள். கபூரும் சிரித்தான், கண் மட்டும் சிரிக்கவில்லை.

"பரவாயில்லடா. நீ இதுல போ. நான் அதுல பின்னால வர்றேன்."

"வாப்பா, உங்களுக்காகத்தானே நான்..."

"தெரியுது. உட்கார எடம் இல்லையே, என்ன செய்ய?"

ரியாஸ் பழைய காருக்கு மாறிவிடலாம் என்று பார்த்தான். அவன் உம்மா விடவில்லை. "பொண்ணு வூட்டுல புது வண்டின்னு சொல்லியாச்சு. அவங்க என்ன நெனைப்பாங்க?" அதற்கு மேல் அப்பீல் உண்டா?

சாயங்காலம் ஊர்வலம் புறப்பட்டது. அப்போதுதான் தெரிந்தது — அந்தத் திரையில் எல்லா மோடும் இருக்கிறது, மாப்பிள்ளை ஊர்வல மோடு இல்லை!

முதல் தப்பு எங்களுடையது. முன்பக்கம் முழுக்க மல்லிகைச் சரத்தைப் போர்த்திக் கட்டியிருந்தோம். வழி பார்க்கிற சென்சார் அதற்கு அடியில். கண்ணைக் கட்டிவிட்ட காருக்குக் கோபம் வந்தது. பூவை விலக்கினோம். கண் திறந்தது. திறந்ததும் என்ன தெரிந்தது? முன்னால் தஃப் குழு, பக்கத்தில் சொந்தக்காரர்கள், குறுக்கே குழந்தைகள். எல்லாரும் விபத்தில் சிக்கப் போகிறவர்கள் என்று முடிவு கட்டிவிட்டது. நகர்ந்தால் பிரேக். நகர்ந்தால் பிரேக். ஒவ்வொரு பிரேக்குக்கும் மாப்பிள்ளை மாலையோடு முன்னால் போய்ப் பின்னால் வந்தான். போதாததற்கு சீட் பெல்ட் போடச் சொல்லித் தனியாக ஒரு கீங் கீங். முழங்கால் வரை மாலை தொங்குகிறவனுக்கு எங்கே பெல்ட் மாட்டுவது? நண்பர் திரையில் தேடித் தேடி ஒன்றை அணைத்தால், 'அணைத்துவிட்டீர்கள், ஜாக்கிரதை' என்று புதிதாக ஒன்று கத்தியது.

பாவம், நல்ல வண்டிதான். அக்கறைதான் அதிகம். நம்மிலும் சிலர் இப்படி இல்லையா? பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றே ஓரடி எடுத்து வைக்க விடமாட்டார்கள்.

தெரு முனையிலேயே கால் மணி நேரம் போனது. பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகை வருவதற்கு முன்னால் நிக்காஹ் நடக்க வேண்டும். பெண் வீட்டிலிருந்து போன் மேல் போன். உம்மாவே இறங்கி வந்து, "அந்தச் செவப்பு வண்டியிலயே போங்க" என்று சொல்லிவிட்டார்.

பழைய காரில் முன்சீட்டு ஒரே நீளப் பெஞ்சு. நடுவில் கியர்கூடக் கிடையாது, அது ஸ்டீயரிங்கோடு ஒட்டியிருக்கிறது. இடது பக்கம் பாஸ்கர், நடுவில் ரியாஸ், வலது ஜன்னலோரம் கபூர். பள்ளிக்கூட பெஞ்சில் மூன்று பேர் போல நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். என் பெஞ்சுக்காரன் அல்லவா அவன்!

"நடை வேகத்துல போனா வண்டி சூடேறும் சார். நடுவுல நிறுத்த வேண்டி வந்தாலும் வரும்" என்றார் பாஸ்கர், ஜன்னல் வழியாக என்னிடம்.

முதல் தெரு தாண்டியது. பைத்துச் சத்தம், பன்னீர், அத்தர். கபூர் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரியாஸும் அப்படியே. துபாய் போன் பேச்சு காருக்குள் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது தெரு பாதியில் கபூரின் உதடு அசைவதைப் பார்த்தேன்.

கொஞ்ச தூரத்தில் கார் நின்றது. பாஸ்கர் இறங்கி வந்து பானட்டைத் தூக்கிவிட்டார். "சூடாயிட்டு சார்."

என் பதற்றத்தைக் கேட்க வேண்டுமா? பக்கத்து வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். "இப்ப ஊத்தக் கூடாதுங்க. ஆறணும்" என்றார். புகையோ ஆவியோ எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் எனக்கென்ன தெரியும்? வாளியோடு நின்றேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பெண்ணின் மாமா போனில் என்னைத் திட்டினார். வண்டியைச் சூடாக்கியதே நான்தான் என்பது போல வாளியையே பார்த்துக்கொண்டு திட்டை வாங்கிக்கொண்டேன்.

தூக்கிய பானட் காரின் முன்கண்ணாடியை மறைத்திருந்தது. உள்ளே இருந்த இருவரையும் யாராலும் பார்க்க முடியவில்லை.

கடைசியில் பாஸ்கர் பானட்டை இறக்கினார். கபூர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். ரியாஸின் கை வாப்பாவின் கைக்குள் இருந்தது. "எஞ்சின் சூடுடா, கண்ணெல்லாம் எரியுது" என்றான் கபூர் என்னைப் பார்த்து. நான் ஆமாம் என்றேன்.

நிக்காஹ் நேரத்துக்கு நடந்துவிட்டது. விருந்து முடிந்து புதுச்சேரிக்குக் கிளம்பிய பாஸ்கரை வழியனுப்பப் போனேன். "அவ்வளவு தூரம் வண்டி தாங்குமா? வழியில மறுபடி சூடானா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

பாஸ்கர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வண்டிக்கு ஒண்ணும் இல்லைங்க சார். சூடு காட்டுற முள்ளு பாதிக்குக்கூட வரல. மாப்பிள்ளைதான் போன்ல டைப் பண்ணி எங்கிட்ட காட்டினாரு — 'அண்ணே, சூடாயிட்டுன்னு சொல்லிக் கொஞ்ச நேரம் நிறுத்துங்க. வாப்பா இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்காங்க.'"