மழைச் சத்தத்தில் ஓடிய நாடி

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, பண்டாரவளையில் மூன்று மரக்கறி லொறிகளுக்கு முதலாளியானேன். மலைச்சரிவில் சொந்த வீடும் கட்டினேன். சும்மா இல்லை.

போன மழைக்காலத்தில் வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்தது. அதன்பின் மழை பிடித்தால் அக்கம்பக்கத்தார் பாயைச் சுருட்டிக்கொண்டு பாதுகாப்புக்காகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். "கோழிக்குஞ்சுக் கூட்டம் கிளம்பிருச்சு" என்று சிரிப்பேன். மனைவியையும் போக விடமாட்டேன்.

ஆனால் எனக்கு அடிக்கடி நெஞ்சு படபடத்தது, விரல்கள் மரத்தன, மூச்சு முட்டியது. ஒருநாள் மாரடைப்பென்றே நினைத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாம் சோதித்த டாக்டர், இதயத்தில் கோளாறு இல்லை என்றார். பிறகு தாதி என் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தகரக் கூரையில் மழை இரைந்தது.

"மழைச் சத்தம் கேட்டதும் நாடி எப்படி ஓடுது பாருங்க ஐயா. இது பயந்தாங்க."

"எனக்கா? மலைப்பாதையில நாப்பது வருசம் லொறி ஓட்டுனவன் மிஸ்ஸி!"

"லொறிக்காரருக்குப் பயம் வரக்கூடாதா? காலைத் தரையில நல்லா ஊனுங்க. மூச்சை மெதுவா வெளிய விடுங்க."

கோபத்தோடுதான் செய்தேன். கொஞ்ச நேரத்தில் விரல்களில் உணர்வு திரும்பியது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"எனக்கும் அப்படித்தாங்க. மழைன்னா கையெல்லாம் நடுங்கும். நீங்க சிரிப்பீங்கன்னு சொல்லல" என்றாள்.

அப்போதே, விடாத அந்த மழையில் அவளோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

நான் முன்னேறிய கதையை ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். என் வீறாப்புக்காக ஒருத்தியை அந்தச் சரிவில் நடுங்க வைத்ததை இப்போதுதான் சொல்கிறேன்.